பிராங்பேர்ட் பாகங்களைப் பார், மச்சான்

வின்ரர்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான்,

நாங்கள் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், இல்லையென்றால் உன் மனிசி இதற்குள் எனக்குப் போன் எடுத்திருப்பா. சீனி ஏறி இறங்கிய கணக்கெல்லாம் நேரில் பார்த்துக்கொள்வோம். மாஸ்டர் லண்டனில் மகளோடு இருக்கிறாராம். தொப்பி இன்னும் அதே தொப்பிதானாம். சரி, குசலம் முடிந்தது.

இந்தக் கடிதம் ஹைடி என்ற சுவிஸ் மலைப் பிள்ளையின் காட்டூனைப் பற்றி. சிரித்து முடித்துவிட்டு மேலே படி. அம்மாவைக் கனடாவுக்கு, ஸ்காபரோவுக்குக் கூப்பிடப் போகிறேன், கடதாசி வேலை தொடங்கிவிட்டேன், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். அதற்கான பதிலும் இதற்குள் இருக்கிறது. ஆனால் சுற்றிக்கொண்டுதான் வரும். நான் எப்போது ஒரு விசயத்தை நேராகச் சொல்லியிருக்கிறேன்?

மகள் வேலைக்குப் போகும் நாட்களில் பேத்தி எங்களோடுதான். சாப்பிட உட்கார வைத்தால் முன்னால் ஹைடி ஓட வேண்டும். ஹைடிதானே, நல்லதுதானே என்று எட்டிப் பார்த்தால், அது 2015-இல் கணினியில் செய்த புது ஹைடி. கன்னமெல்லாம் பிளாஸ்டிக். ஒருத்தரும் ஒரு நிமிடம் சும்மா நிற்கிறார்கள் இல்லை, ஆடு கூட அவசரத்தில் இருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை. 1974-இல் யப்பானியர் கையால் வரைந்த பழைய ஹைடியைத் தேடிப் போட்டேன். “அம்மப்பா, இது பழசு” என்று முகத்தைச் சுளித்தாள். நான் விடவில்லை.

முதல் பாகத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? ஒன்றும் நடக்கிறதில்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைச் சித்தி டேட்டே மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள், மேலே தனியாக இருக்கும் தாத்தாவிடம் தள்ளிவிட்டு வருவதற்கு. பெட்டி தூக்கப் பஞ்சியில் இருக்கிற உடுப்பு முழுவதையும் பிள்ளைக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டிருக்கிறாள். வெயில் ஏறுகிறது. பிள்ளை வேர்த்து, கால் இடறி, மூச்சு வாங்கி நடக்கிறது. பிறகு சித்தி யாரோடோ நின்று ஊர்க்கதை கதைக்கும் நேரம் பார்த்து, சால்வையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளுடுப்போடு ஆடுகளுக்குப் பின்னால் ஓடுகிறது. அவ்வளவுதான். எங்களுடையது சோற்றுக் கையோடு அப்படியே இருந்தாள். ஓடி முடிந்ததும் “அவளுடைய உடுப்பை யார் எடுத்து வருவது?” என்று கேட்டாள். அதைத்தான் டேட்டேயும் கேட்கிறாள்.

இதைச் செய்த ஆள் இசாவோ தக்காஹாத்தா. 2018-இல் செத்துப்போனார். நீ படம் பார்க்கிற ஆளில்லை, ஆனாலும் மியசாக்கியின் பெயர் உன் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஹயாவோ மியசாக்கி அப்போது பெயர் எடுக்காத ஆள். ஹைடியின் 52 பாகங்களுக்கும் காட்சி அமைப்பு வரைந்தது அவர்தான். எந்த மரம் எங்கே நிற்க வேண்டும், கதவு திறந்தால் உள்ளே எது தெரிய வேண்டும், எல்லாம். வாரம் ஒன்று, வருசம் முழுக்க. யப்பானில் ஞாயிறு இரவு ஏழரைக்கு ஒளிபரப்பு. அந்த வருசம் ஒக்ரோபரில் அதே நேரத்துக்கு வேறொரு ஒளியலையில் விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ என்று ஒரு பெரிய தொடரை இறக்கினார்கள். பின்னாளில் அந்த யமாட்டோ பெரிய புகழ் எடுத்தது வேறு கதை. அப்போது ஆட்டுக்குட்டியோடு திரிந்த இந்தப் பிள்ளையிடம் எடுபடவில்லை!

வரைவதற்கு முன்னால் 1973-இல் அவர்கள் சுவிஸுக்கு வந்து ஹைடி கதை நடக்கிற மாயன்ஃபெல்ட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், பிராங்பேர்ட்டுக்கும் போனார்கள். பார்க்காமல் வரையமாட்டோம் என்று ஒரு பிடிவாதம். அந்தக் காலத்தில் ஒரு தொலைக்காட்சிக் காட்டூனுக்காக இப்படி விமானம் ஏறுவது அபூர்வம். உருவங்களை வரைந்த யோய்ச்சி கொத்தாபே முதலில் ஹைடிக்கு இரட்டைப் பின்னல் போட்டிருந்தாராம். இங்கே விசயம் தெரிந்த ஒருவர் கேட்டாராம், மலையில் கிழவனோடு தனியாக இருக்கிற பிள்ளைக்கு யார் தினமும் தலை பின்னிவிடுவது என்று. அதோடு பின்னல் போய்விட்டது. உலகம் முழுக்கத் தெரிந்த அந்தக் கட்டைமயிர் ஹைடி அப்படி வந்தவள். தொடக்கப் பாட்டில் ஹைடியும் ஆட்டுக்காரப் பெடியன் பேற்றரும் கை கோத்துத் துள்ளித் துள்ளிச் சுற்றுவார்கள். அதற்கு மாதிரியாக மியசாக்கியும் கொத்தாபேயும் வாகனத் தரிப்பிடத்தில் கை கோத்துத் துள்ளிக் காட்டினார்களாம். மீசை முளைத்த இரண்டு ஆம்பிளைகள்! நீயும் சின்னவனும் அன்று பள்ளிக்கூட மேடையில் ஆடியதை நினைத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள்.

நான் ஹைடியை முதலில் கேட்டதுதான், பார்த்ததில்லை. சுவிஸ் வந்த புதிதில் நின்ற அந்த உணவகச் சமையலறை உனக்குத் தெரியும்தானே. அங்கே ஒரு ஸ்பானியன், ஒரு இத்தாலியன், ஒரு ஜேர்மன்காரன். ஒரு இரவு கோப்பை கழுவும்போது ஸ்பானியன் ஒரு பாட்டை முணுமுணுத்தான், ஹைடி என்றான். ஜேர்மன்காரன், இல்லை, ஹைடி பாட்டு இது என்று வேறொன்றைத் தொண்டை கிழியப் பாடினான். இத்தாலியன் ஜேர்மன்காரனின் மெட்டையே தன் மொழியில் பாடி, இது எங்கள் பாட்டு, நீங்கள் களவெடுத்தீர்கள் என்றான். கரண்டி பறக்காத குறை.

மூன்று பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. முதலில் வாங்கியது ஸ்பெயின். 1975-இல், சர்வாதிகாரி பிராங்கோ உயிரோடு இருக்கும்போதே, அரச தொலைக்காட்சியில் ஓடியது. அவர்கள் யப்பானில் தக்கேயோ வத்தனாபே போட்ட மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்பானிய வரிகளைப் போட்டார்கள். ஜேர்மனியில் ஸெட்.டே.எஃப். தொலைக்காட்சி 1977 செப்ரெம்பரில் தொடங்கியது. அவர்களுக்கு யப்பான் இசை வேண்டாம். கிறிஸ்டியான் புரூன் புது மெட்டுப் போட, கிட்டி, எரிக்கா என்ற இரண்டு பெண்கள் யோடல் வைத்து, மலைக்காரர் குரலை ஏற்றி இறக்கிக் கூவுகிற மாதிரி, பாடினார்கள். இத்தாலியின் ராய் தொலைக்காட்சி 1978 பெப்ரவரியில் எடுத்தபோது ஜேர்மன் மெட்டையே வாங்கி எலிசபெத்தா விவியானியைப் பாட வைத்தது. இரண்டு மாதம் கழித்து அங்கே கோல்ட்ரேக் என்ற யப்பானிய ரோபோக் காட்டூன் வந்து இறங்கியது, அதோடு இத்தாலியப் பிள்ளைகளின் சாயந்தரம் யப்பானியர் கையில். பகிடி என்னவென்றால் ஜேர்மன்காரன் யோடல் தன்னுடைய சொத்து என்று நினைத்திருந்தான். யப்பான் மூலப்பாட்டிலேயே யோடல் இருக்கிறது, அதுவும் சுவிஸுக்கு வந்து பதிவு செய்த அசல் யோடல்.

இத்தனை சண்டையிலும் ஒருத்தன் வாயில்கூட யப்பான் என்ற சொல் வரவில்லை. அவர்களுக்கு அது தெரியவே தெரியாது. சின்ன வயதில் ரீவியில் பார்த்தது, சொந்த மொழியில் கதைத்தது, ஆகவே சொந்தம். சமையலறையின் பெரிய ஆள், சுவிஸ்காரர், இதையெல்லாம் கேட்டுவிட்டு “காட்டூனா? ஹைடி எங்கள் புத்தகம்” என்று மூக்கைச் சுருக்கினார். புத்தகம் அவர்களுடையதுதான். யோஹன்னா ஸ்பீரி 1880-இல் ஒரு பாகமும் 1881-இல் மற்றதுமாக எழுதியது. ஆனால் அவருடைய பிள்ளைகள் ஞாயிறுகளில் ஜேர்மன் ஒளியலையைத் திருகி அந்தக் காட்டூனைத்தான் பார்த்தார்கள். அவரே பிறகொருநாள் சொன்னார், முணுமுணுப்போடு.

என் மனிசியின் சகோதரம் லண்டனிலிருந்து வந்தபோது மாயன்ஃபெல்ட்டுக்குக் கூட்டிப் போனேன். ஹைடி ஊர் என்று மேலே ஒரு இடம் வைத்திருக்கிறார்கள், வீடு, ஆடு, கடை எல்லாம் உண்டு. யப்பானிய எழுத்தில் அறிவிப்புப் பலகை. யப்பானிய அம்மா ஒருவர் தாத்தாவின் வாங்கில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஃபல்க்னிஸ் மலை 2,562 மீற்றர் என்கிறார்கள், பெரிய மலைதான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொடருக்குப் பின்னணி வரைந்த மசாஹிரோ இயோக்காவின் மலை இதைவிட உயரம். பொழுது சாயும்போது ஹைடி “மலை எரிகிறது” என்று கத்துவாளே, அந்தச் சிவப்பை நான் அங்கே நின்று பார்த்துக் காத்திருந்தேன், வரவில்லை. முகில் வந்தது, மழை வந்தது, கடையில் சீஸ் வாங்கிக்கொண்டு வந்தோம். தொடரில் தாத்தா நெருப்பில் காட்டி உருக்கிப் பாணில் பூசிக் கொடுக்கிற அந்தச் சீஸ் மாதிரி உலகத்தில் எங்கேயும் கிடையாது, நீ வாங்கிப் பார்த்து ஏமாறாதே.

யப்பானியர் எல்லாவற்றையும் புத்தகத்தில் இருந்தபடி செய்யவும் இல்லை. தாத்தா வீட்டில் யோசஃப் என்று ஒரு பெரிய சென் பேர்ணார்ட் நாய் படுத்திருக்கும். புத்தகத்தில் நாயே கிடையாது. மகள் பள்ளிக்கூடத்தில் புத்தகத்தை வாசித்துவிட்டு “யோசஃப் எங்கே?” என்று அழுதவள். ஸ்பீரி பக்தியுள்ள மனுசி, புத்தகம் முழுக்கச் செபமும் கடவுளும். தக்காஹாத்தா அதையெல்லாம் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பாலையும் வைக்கோலையும் காற்றையும் வைத்தார். எனக்கு அதில் குறை இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் ஸ்பீரி பக்கம். நடக்கமுடியாத கிளாரா மலைக்கு வந்ததும், ஆடு மேய்க்கிற பேற்றருக்குப் பொறாமை. ஹைடி இனித் தன்னோடு வரமாட்டாள் என்று கிளாராவின் சக்கரநாற்காலியைச் சரிவில் தள்ளி உடைத்துவிடுகிறான். புத்தகத்தில் அப்படி. காட்டூனில் அவனை நல்ல பெடியனாக்கி, நாற்காலியைக் கிளாராவே இழுத்து எடுக்கப்போய் அது தானாக உருண்டு உடைகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். பொறாமைப்பட்ட பெடியனை எனக்குத் தெரியும் மச்சான். நானும் நீயும் ஒரே சைக்கிளுக்கு என்னென்ன செய்தோம்? அந்தப் பேற்றரை ஏன் கழுவித் துடைத்தார்கள் என்று இன்றைக்கும் கோபம்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். 18-ஆம் பாகத்தில் டேட்டே திரும்பி வந்து பிள்ளையைப் பிராங்பேர்ட்டுக்குக் கொண்டுபோகிறாள், பணக்கார வீட்டுப் பிள்ளை கிளாராவுக்குத் துணையாக இருக்க. 34-இல்தான் பிள்ளை மலைக்குத் திரும்புகிறாள். இடையில் இருக்கிறவற்றைப் பார். பேத்திக்குக் காட்டுவதற்காகப் போட்டேன், அவள் பொம்மையோடு போய்விட்டாள், நான் இரவிரவாக இருந்து பார்த்தேன்.

அந்த வீட்டில் பிள்ளையை யாரும் அடிக்கவில்லை. நல்ல சாப்பாடு, நல்ல கட்டில், கிளாரா உயிராக இருக்கிறாள், வேலைக்காரர் செபஸ்தியான் களவாக உதவி செய்கிறார், கிளாராவின் அப்பம்மா வந்து எழுத்துக் கூட வாசிக்கப் பழக்கிவிடுகிறா. ஆகப் பொல்லாதது என்றால் வீட்டை நடத்துகிற ரொட்டன்மையர் அம்மையார். ஸ்பெயினில் கண்டிப்பான பொம்பிளைக்கு இன்றைக்கும் அதுதான் பட்டப்பெயர், எங்கள் ஸ்பானியன் முதலாளியின் மனிசியை அப்படித்தான் சொல்வான். ஆனால் அவகூடக் கெட்டவ இல்லை. பிள்ளையைத் திருத்துகிறேன் என்று உண்மையாகவே நினைக்கிறா.

பிள்ளை கோயில் கோபுரத்தில் ஏறி மலை தெரிகிறதா என்று பார்க்கிறாள். கூரைகள்தான் தெரிகின்றன, கண்ணுக்கெட்டிய தூரம் கூரைகள். பேற்றரின் குருட்டு அப்பம்மாவுக்குக் கறுப்புப் பாண் மெல்ல முடியாது என்று, தனக்குக் கிடைக்கும் வெள்ளைப் பணிஸை ஒவ்வொன்றாக அலுமாரியில் ஒளித்து வைக்கிறாள். காய்ந்து கல்லாகிப் போன பணிஸ். ரொட்டன்மையர் கண்டு குப்பையில் போடச் சொல்கிறா. அங்கேகூடப் பிள்ளை தாங்கிக்கொள்கிறது. ஆனால் மலையைப் பற்றி இனிக் கதைக்கக் கூடாது, அழக் கூடாது என்று சொன்ன இடத்திலிருந்துதான் அது வாடத் தொடங்குகிறது. சாப்பாடு குறைகிறது, முகம் வெளுக்கிறது. இரவில் நித்திரையில் எழுந்து நடக்கிறது. வீட்டுக்காரர் பேய் என்று பயந்து, டாக்டரைக் கூட்டிவந்து இரவில் காவல் இருந்து பார்த்தால், திறந்த வாசலில் வெள்ளை உடுப்போடு பிள்ளை. ஒவ்வொரு இரவும் தாத்தா வீட்டில் இருக்கிறேன், மரத்தில் காற்றுச் சத்தம் கேட்கிறது, ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறேன் என்கிறது. டாக்டர் மருந்து எழுதவில்லை. நாளைக்கே அனுப்பு என்கிறார்.

எங்கள் கட்டடத்தில் கீழ்மாடியில் ஒரு ஆச்சி இருக்கிறா, பருத்தித்துறைப் பக்கம். மகன் தங்கமான பெடியன், மருமகளும் அப்படித்தான். ஆச்சி தினமும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிக் கடைசித் தரிப்பிடம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவா. எங்கே ஆச்சி போகிறீர்கள் என்று கேட்டேன். “சும்மா தம்பி” என்றா. வீட்டில் ஊர்க்கதை எடுத்தால் மகன் “அங்கே இனி என்ன அம்மா இருக்கு, பிரஷர் ஏறும், விடுங்கோ” என்பானாம். பாசத்தில்தான் சொல்கிறான். எனக்கு ஒரு குறையும் இல்லைத் தம்பி என்று ஆச்சி என்னிடம் மூன்று தரம் சொன்னா, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

உன் கடிதத்தில் அதே வசனம் இருந்தது மச்சான். “அங்கே இனி என்ன இருக்கிறது.” கரவெட்டியில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம், அம்மாவுக்குத் தெரியும். ஆடு இருக்கிறது. பின்வளவில் அந்த வேம்பு இருக்கிறது. நாலு வீடு தள்ளி அம்மாவோடு கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிற பெரியம்மா இருக்கிறா, அந்தக் கோபத்தை ஸ்காபரோவில் யாரோடு வைத்துக்கொள்வா?

கூப்பிடாதே என்று நான் சொல்லவில்லை. விழுந்தால் தூக்க ஆளில்லை என்கிறாய், அது உண்மை, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் டேட்டே செய்ததைச் செய்யாதே. நினைத்தவுடன் திரும்பி வரலாம், அப்பம்மாவுக்குப் பணிஸும் கொண்டுவரலாம் என்று பொய் சொல்லித்தான் அவள் பிள்ளையை மலையிலிருந்து இறக்கினாள். எட்டு வயதுப் பிள்ளை, நம்பிவிட்டது. உன் அம்மாவுக்கு எண்பத்திரண்டு, நம்பமாட்டா, ஆனால் உனக்காக நம்பின மாதிரி இருந்துவிடுவா. முதலில் வந்துபோகிற விசாவில் கூப்பிடு. வரும்போதே திரும்பிப் போகிற ரிக்கற்றை எடுத்து அம்மாவின் கைப்பையில் வை, உன் லாச்சியில் வைக்காதே. வீட்டை விற்கிற கதை, காணிக் கதை இப்போதைக்கு வேண்டாம். அண்ணை எடுத்தால் நீ வாயை மூடிக்கொண்டிரு.

உன் மனிசிக்கு இந்தக் கடிதத்தைக் காட்டு. அவ என்னைவிட நன்றாகச் சொல்லுவா, நீ கேட்கிறதும் அவ சொன்னால்தான்.

பேத்தி இப்போது 27-ஆம் பாகத்தில் நிற்கிறாள், அப்பம்மா வந்துவிட்டா என்று துள்ளுகிறாள். புது ஹைடியையும் விடவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஒப்பந்தம். யோசஃப்பை மட்டும் புதுசில் தேடிக்கொண்டிருக்கிறாள்.

ஏப்ரலில் இந்தப் பக்கம் வருவதாகச் சொன்னாய். வந்தால் மாயன்ஃபெல்ட்டுக்குக் கூட்டிப் போகிறேன், சார்கான்ஸ் வழியாக ரயில். சாப்பாடு என்னுடையது, ரிக்கற் உன்னுடையது. மாஸ்டரிடம் வாங்கிய ஐந்நூறை அதற்கு முன் கொடுத்துவிடு, ஒவ்வொரு முறையும் என்னிடம்தான் கேட்கிறார்.

அன்புடன்,
உன் தக்காளி